செவியின் தீர்ப்பு

இல்லத்தில் இசை கேட்போரிடையே இன்று ஒரு வாதம் நிகழ்கிறது. இணையத்தின் வழியாகப் பாட்டை அனுப்பும் சேவைகள் பல. அவற்றுள் எதன் ஒலி சிறந்தது என்பதே அவ்வாதம். ஒலிகளை ஒப்பிடும் இவ்வழக்கத்திற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1915-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் எடிசனின் நிறுவனத்தார் 'தொனிச் சோதனை' என்னும் பெயரால் கச்சேரிகள் நடத்தினர். பாடகியார் மேடையில் தம் இசைத்தட்டுடன் சேர்ந்து பாடுவார். விளக்குகள் அணையும். மீண்டும் ஒளி வரும்போது பாடகியார் அங்கே இரார். யந்திரம் மட்டும் பாடிக்கொண்டிருக்கும். சபையோர் வியந்து நிற்பர். மைக் இன்றி, புனல் கொண்டு பதிவு செய்த தட்டு அவர்களை ஏமாற்றியது எங்ஙனம்? அவ்வாறு பாடியவருள் ஒருவரான ஆனா கேஸ் பிற்காலத்தில் விடை கூறினார்: தம் குரலை யந்திரத்தின் குரலுக்கு ஒத்தவாறு அமைத்துக்கொண்டு பாடினாராம்!

1982-இல் ஜப்பானில் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. அது ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளால் குறித்தது. இரு தடங்களுக்கும் சேர்த்து வினாடிக்கு 14,11,200 பிட்டுகள். அன்றைய தொலைபேசிக் கம்பிகள் இச்சுமையைத் தாங்கவல்லன அல்ல. ஆதலின் அதைச் சுருக்கும் வழியை அறிஞர் நாடினர். தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது நம் செவிக்கு எட்டுவதில்லை அன்றோ? அங்ஙனம் மறைந்துபோகும் ஒலிகளை நீக்கிவிடுவதே எம்பி3 முறையின் அடிப்படை. அதனை உருவாக்கியோருள் ஒருவரான ஜெர்மானியர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா வாத்தியத் துணையின்றிப் பாடிய பாட்டொன்றைப் பன்முறை கேட்டு அம்முறையைச் செப்பனிட்டார்.

இணைய வேகம் பெருகவே, ஒன்றையும் நீக்காத 'லாஸ்லெஸ்' ஒலியை 2014-இல் டைடலும், 2021-இல் ஆப்பிளும், 2025-இல் ஸ்பாட்டிஃபையும் அளிக்கத் தொடங்கின. ஒரே பதிவை இவ்வாறு அனுப்பும்போது எல்லாச் சேவைகளும் தருவன ஒரே எண்களே. எனினும் வேறுபாடு கேட்கிறது என்பார் உளர். காரணம் யாது? ஒரு சேவை சற்றே உரத்து ஒலித்தால், செவி அதனையே சிறந்ததென்று கொள்ளும். மேலும், புளூடூத் வழியே ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஒலி பெரும்பாலும் மறுபடியும் சுருக்கப்படுகிறது. லாஸ்லெஸ்ஸின் பயன் அங்கே கெடுகிறது.

ஆகவே, மாணவர்களே, அதிக விலை கொடுக்குமுன் நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டின் ஒலியளவையும் சமமாக்குங்கள். ஒரே பாட்டை, ஒரே அறையில், பெயரை மறைத்து நண்பர் ஒருவர் இயக்கட்டும். எது எதுவென்று பதினாறு முறை சொல்லுங்கள். எட்டு முறை மட்டுமே சரியானால், அது காசைச் சுண்டிச் சொன்னதற்கு ஒப்பாகும். அப்பொழுது அப்பணத்தை நல்லதோர் ஒலிபெருக்கிக்குச் செலவிடலாம். அதனை அறையில் தக்க இடத்தில் வைப்பதற்கோ செலவே இல்லை. எடிசனின் சபையோருக்கு அத்தகைய நேரிய சோதனை கிட்டவில்லை. நமக்கோ அது கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது.