மாண்டலினுக்குள் புகுந்த காந்தம்

மின்கிடாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் உறுப்புக்குப் பிக்கப் என்று பெயர். காந்தத் துண்டுகளை வரிசையாக நிறுத்தி, எனாமல் பூசிய, 0.06 மில்லிமீட்டர் தடிமனே உள்ள செம்புக் கம்பியை அவற்றின் மேல் ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கும், அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கித் தரும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம் இந்த முறையில் உருவாக்கிய, மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிடார் 1932-ல் விற்பனைக்கு வந்தது. நடனக் கூடங்களின் இரைச்சலில் கிடார் எடுபடவில்லை என்பதே அதற்குக் காரணம். டெக்சாஸ் நாட்டுப்புறக் கலைஞர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான பாப் டன் 1935-லேயே மின்கிடாரில் இசைத்தட்டுப் பதிவு செய்தார். 1950-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த திண்மரக் கிடார், டெலிகாஸ்டர் என்ற பெயரில், கன்ட்ரி என்னும் அந்த நாட்டுப்புற இசையின் அடையாளமாகவே ஆனது. தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் இருக்கும் அதன் பிக்கப்பின் கணீர் ஒலியை விரும்பாத கன்ட்ரி கிடார்க்காரர் குறைவு.

அந்தப் பிக்கப்பைக் கழற்றி வேறொன்று மாட்டும் பழக்கமும் அவர்களிடையே வேரூன்றியது. சுற்று கூடினால் ஓசை கூடும், ஆனால் மேல் ஸ்தாயியின் கூர்மை மங்கும். காந்தத்தின் வலு கூடினால் ஓசை துல்லியமாகும். ஆனால் அதைத் தந்திக்கு மிக அருகே உயர்த்தினால் காந்தமே தந்தியை இழுத்துப் பிடித்து, நாதத்தைச் சீக்கிரம் அடக்கிவிடும், சுருதியையும் பிசகச் செய்யும். ஒற்றைச் சுருள், அக்கம்பக்கத்து மின்கம்பிகளின் ‘ஹம்’ ஓசையையும் சேர்த்தே வாங்கும். கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ல் இரண்டு சுருள்களை எதிரெதிராகப் பூட்டி அதைப் போக்க வழி கண்டார்.

மாண்டலினும் இதே பாதையில் வந்தது. பாப் வில்ஸின் கன்ட்ரி இசைக்குழுவில் வாசித்த டைனி மூருக்கு, பால் பிக்ஸ்பி 1952-ல் ஒரு திண்மர மாண்டலின் செய்து கொடுத்தார். வழக்கமான மாண்டலினில் நான்கு ஜோடியாக எட்டுத் தந்திகள் இருக்கும். இதில் ஐந்தே ஒற்றைத் தந்திகள்.

தென்னிந்தியாவில் அதே முடிவுக்கு முற்றிலும் வேறொரு தேவையின் வழியாக வந்தவர் யு. ஸ்ரீநிவாஸ். ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969-ல் பிறந்தவர். தந்தை சத்தியநாராயணாவின் மாண்டலினைச் சிறுவயதில் கையில் எடுத்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதை அப்படியே தந்தியில் கொண்டுவருவான். ஆகவே அந்த வாத்தியத்தில் முதல் நாளிலிருந்தே வாய்ப்பாட்டின் கமகங்கள் கேட்டாக வேண்டியிருந்தது.

சாதாரண மாண்டலின் அதற்கு இடம் கொடுக்காது. மேல்நாட்டு வாசிப்பில் ஒரு ஸ்வரத்தை நீட்ட வேண்டுமென்றால் மீண்டும் மீண்டும் படபடவென்று மீட்டுவார்கள். கர்நாடக இசையிலோ ஒரே மீட்டில் தந்தியை இழுத்து, தோடியின் காந்தாரத்தை ஆடவிட்டு, அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிச் சேர வேண்டும். குட்டையான தந்தியின் நாதம் அதற்குள் அடங்கிவிடும். ஜோடித் தந்திகளைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபடாமல் சுருதி விலகும். ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினுக்கு மாறி, ஜோடிகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டார். திண்மரம் தந்தியின் அதிர்வை எளிதில் உறிஞ்சாது. தேய்ந்துகொண்டே போகும் நாதத்தின் கடைசி இழையையும் பிக்கப் எடுத்துக் கொடுக்கும். ஐந்தாவது தந்தி ஸ்தாயியை விரித்தது. அமெரிக்காவில் ஓசையைக் கூட்டப் பிறந்த கருவி, இங்கே நாதத்தை நீட்டப் பயன்பட்டது. அந்தக் காந்தத்தின் மிகப் பெரிய பயன் இதுவே என்று சொல்லலாம்.

1978-ல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனை விழாவில் அவருடைய அரங்கேற்றம் நடந்தது. 1981 டிசம்பர் சீசனில் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் பன்னிரண்டு வயதில் வாசித்தார். மேல்நாட்டு வாத்தியம், அதிலும் மின்சாரம் சேர்ந்தது என்ற தயக்கம் ரசிகர்களிடையே இருந்தது. ஆலாபனையைக் கேட்டபின் அது நெடுநாள் நிற்கவில்லை. 1998-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வீணையில் மின்சாரம் சேர்ந்த இந்த மாற்றம் வேறு விதமாக நடந்தது. ஈமனி சங்கர சாஸ்திரி, சிட்டிபாபு போன்றோர் பயன்படுத்திய கான்டாக்ட் மைக், காந்தத்தால் இயங்குவதன்று. மரத்தின் அதிர்வையே வாங்குவது. பித்தளைத் தந்தி காந்தத்துக்குப் பிடிபடாது என்பதால் வீணைக்கு அதுவே பொருந்தியது. இதனால் வீணையின் இயல்பான நாதம் கெடுகிறது என்ற வாதமும் கூடவே கிளம்பியது. குடத்தின் கார்வையைத் தேடிக் கேட்பவர்களுக்கு அந்த வருத்தம் நியாயமானதே.

மின்கிடாரிலேயே கர்நாடக இசையைக் கொண்டுவந்தவர் சுகுமார் பிரசாத். அவருக்குப் பின் ராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானம் படித்த பிரசன்னா அதை உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்றார். இவர்களுக்கு ‘ஹம்’ கன்ட்ரி கிடார்க்காரர்களைவிடப் பெரிய தொல்லை. டிரம்ஸ் முழங்கும் இடத்தில் அது காதில் விழாது. ஆலாபனையின் நடுவே ஸ்வரம் அடங்கும் கணத்தில், இந்திய மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓசையும் அதன் மடங்குகளும் தம்புராவோடு உரசிக்கொண்டு தனியாகக் கேட்கும். இரட்டைச் சுருளும், நல்ல எர்த் இணைப்பும் இங்கே சுருதி சுத்தத்தைச் சார்ந்த விஷயங்கள்.

ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பர் 19 அன்று காலமானார். அவருடைய தம்பி யு. ராஜேஷும் சீடர்களும் மின் மாண்டலினிலேயே கச்சேரி செய்கிறார்கள்.