இராசபாளையம் நாயின் வெண்ணிறம்

இராசபாளையம் நாய் என்பது தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்திலுள்ள இராசபாளையம் நகரின் பெயரால் அறியப்படும் வேட்டை நாய் இனமாகும். பால் வெண்மையான உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் இதன் அடையாளங்கள். 2005 ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை இவ்வினத்திற்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

நிறமும் செவித்திறனும்

இவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. இது வெண்ணிறத்துடன் தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. கரு வளரும்போது நிறமி உயிரணுக்கள் சென்றடையாத இடங்களில் நாயின் உரோமம் வெண்மையாகிறது. உட்செவிக்கும் இவ்வுயிரணுக்கள் தேவை. அவை இல்லாவிடில், பிறந்த சில வாரங்களில் ஒலியுணரும் உயிரணுக்கள் அழிந்துவிடுகின்றன. வெளிறல் நோய் இதனின்று வேறானது. அதில் நிறமி உயிரணுக்கள் இருக்கும், நிறமி மட்டுமே உருவாகாது.

இனப்பெருக்கம்

ஒரு செவி மட்டும் கேட்கும் நாய் இயல்பானதாகவே தோன்றும்; ஆயினும் அதன் வழியாகவும் இக்குறைபாடு குட்டிகளுக்குச் செல்லக்கூடும். எனவே இணைசேர்க்கும் முன் இரு செவிகளையும் தனித்தனியே சோதிப்பது அவசியமாகும்.