ஃபோக்ஸ்வாகன் டைப் 2: உட்புறப் பூச்சுகள்

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையில் 1950இல் தயாரிப்புக்கு வந்த வேன். 1956இல் தயாரிப்பு ஹனோவருக்கு மாறியது. சரக்கு ஏற்றவே உருவானதால் உள்ளே அலங்காரம் குறைவு. முன்பகுதியில் கண்ணில் படுவது பெரும்பாலும் பெயிண்ட் பூசிய தகடுதான். 1951இல் வந்த சம்பா என்னும் சொகுசு வகை இதற்கு விலக்கு.

அதே ஆண்டில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், கழற்றி மாட்டக்கூடிய மரச்சாமான்கள் கொண்ட ‘கேம்பிங் பாக்ஸ்’ஸை அறிமுகப்படுத்தியது. வாரநாளில் சரக்கு, விடுமுறையில் குடும்பம். 1960களின் முற்பகுதியில் வந்த அலமாரிகள் பிர்ச் மர ஒட்டுப்பலகையில் செய்து வார்னிஷ் பூசப்பட்டவை. பிற்கால வண்டிகளில் துடைத்தால் போதுமான லேமினேட் பலகைகள் வந்தன.

இன்று பழுதுபார்ப்போருக்குச் சிக்கல் தருவது அந்த வார்னிஷ்தான். வெளிர்நிறப் பலகையும் அதன்மேல் உள்ள பூச்சும் வெயிலிலும் காலத்திலும் தேன்நிறமாகக் கறுக்கும். அந்தத் தேன்நிறமே ஆலை தந்த நிறம் என்று எண்ணிப் புதுப் பலகைக்குச் சாயம் ஏற்றுவோர் உண்டு. கீல்களையும் கைப்பிடிகளையும் கழற்றினால், வெளிச்சம் படாத இடத்தில் தொடக்க நிறத்துக்கு மிக நெருங்கிய தடம் கிடைக்கும். ஒட்டுப்பலகையின் மேலடுக்கு மிக மெல்லியது என்பதால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் அடியிலுள்ள அடுக்கு தெரிந்துவிடும். அந்தத் தடமும் போய்விடும். அதனால் மென்மையாகத் துடைத்து, உரிந்த இடத்தில் மட்டும் மறுபூச்சு தருவதே பாதுகாப்பான வழி.