மரக்கட்டையும் மழலையர் கல்வியும்

கல்வி என்றவுடன் நம் நினைவிற்கு வருவன புத்தகமும் கரும்பலகையும் தேர்வும் பட்டமுமே. நம் சங்கம் கால் நூற்றாண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், பட்டம் பெற்ற நம் பிள்ளைகளை எண்ணிப் பெருமை கொள்கிறோம், அது தகும். ஆயினும், முதல் வகுப்பின் வாயிற்படியை மிதிக்கும் முன்பே நம் குழந்தைகளில் பலர் பின்தங்கி விடுகின்றனரே, அதன் காரணம் என்ன என்று சிந்தித்தல் வேண்டும். ஐந்து வயதுக்குள் கையும் கண்ணும் கருத்தும் ஒருங்கே பழகும் பழக்கத்தை விளையாட்டே தருகிறது. அவ்விளையாட்டுக் கருவிகளுள் மிக எளியது மரக்கட்டை. அதன் வரலாற்றில் நமக்கும் ஓர் இடம் உண்டு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிற்றிலும் சிறுதேரும்

தமிழர் குழந்தை விளையாட்டைப் போற்றியவர்கள். மணலில் வீடு கட்டும் சிற்றிலும், தேர் உருட்டும் சிறுதேரும் பிள்ளைத்தமிழில் தனித்தனிப் பருவங்களாகவே வகுக்கப்பட்டன. சங்க நூலாகிய பட்டினப்பாலை, குதிரை பூட்டாத மூன்று உருளைச் சிறுதேரைச் சிறுவர் உருட்டும் காட்சியைக் காட்டுகிறது. நம் வீடுகளில் இன்றும் காணும் மூன்று சக்கர நடைவண்டியின் முன்னோன் அதுவே எனலாம்.

ஆனால் அப்பாட்டில் தேர் உருட்டும் சிறுவர் பொன்னணிந்த காலினர் என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். பண்ணையாளின் மகனுக்குத் தேர் செய்து தந்தவர் யார்? ஐந்தாறு வயதிலேயே அவன் ஆண்டையின் மாட்டுக்குப் பின் சென்றான். அவன் தங்கை இடுப்பில் கைக்குழந்தையைச் சுமந்தாள். படிப்பு மறுக்கப்பட்டதைப் பற்றி நாம் பலகாலும் பேசியிருக்கிறோம். விளையாட்டு மறுக்கப்பட்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை.

புரோபலின் பெட்டி

விளையாட்டே கல்வி என்று துணிந்து கூறி அதற்கெனக் கருவிகளையும் அமைத்தவர் ஜெர்மானியராகிய பிரெடரிக் புரோபல் (1782-1852). 1837ஆம் ஆண்டு பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் மழலையர்க்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். அவர் வகுத்த கருவிகளுக்குக் ‘கொடைகள்’ என்பது பெயர். மூன்றாம் கொடை எட்டுச் சிறு கனசதுரக் கட்டைகளாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம். நான்காவது எட்டுச் செங்கல் வடிவத் துண்டுகள். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் துண்டுகள் மேலும் பெருகும்.

புரோபலின் முறையில் இரண்டு விதிகள் நம் கருத்துக்கு உரியன. கட்டும்போது எல்லாக் கட்டைகளையும் பயன்படுத்துதல் வேண்டும். எத்துண்டும் ஒதுக்கி வைக்கப்படலாகாது. விளையாட்டு முடிந்ததும் எல்லாத் துண்டுகளும் ஒன்றுகூடி மீண்டும் முழுமையான கனசதுரமாகிப் பெட்டிக்குள் அடங்குதல் வேண்டும். பகுதியும் முழுமையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைக் குழந்தை சொல்லாமலே உணர்கிறது. ஒதுக்கி வைத்தலின் கொடுமையை அறிந்த நமக்கு இவ்விதியின் பொருளை விளக்கத் தேவையில்லை.

இத்தகைய கல்வியைக் கண்டு பிரஷ்ய அரசு அஞ்சியது. 1851இல் கிண்டர்கார்ட்டன்களுக்குத் தடை விதித்தது. அத்தடை 1860இல்தான் நீங்கியது. அதைக் காணப் புரோபல் உயிருடன் இல்லை. சுயமாகச் சிந்திக்கும் குழந்தை ஆள்வோர்க்கு எத்துணை அச்சம் தருகிறது என்பதற்கு இது சான்று.

அடையாற்றுப் பள்ளிகள்

இம்முறை சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்று எண்ணுவோர் உளர். தமிழக வரலாறு அதனை மறுக்கிறது. 1893ஆம் ஆண்டு சென்னை அரசு, அன்று பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட நம் மக்களின் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. அடுத்த ஆண்டாகிய 1894இல், பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளியொன்றை நிறுவினார். தாமோதர், திருவள்ளுவர் ஆகியோர் பெயரால் மேலும் பள்ளிகள் சென்னையில் தோன்றின. அமெரிக்காவிலிருந்து வந்த பாமர், கோர்ட்ரைட் என்னும் பெண்மணிகள் இவற்றை மேற்பார்வையிட்டனர். கிண்டர்கார்ட்டன் முறை இப்பள்ளிகளில் கையாளப்பட்டது. சென்னைக்கு அம்முறை புதுமையாயிருந்த காலத்திலேயே அது சேரிக் குழந்தைகளை வந்தடைந்தது என்பது நாம் மறக்கலாகாத செய்தி. அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டுடன் தொடர்பு கொண்டிருந்ததும், 1898இல் அவருடன் இலங்கை சென்றதும் இக்காலத்து நிகழ்ச்சிகளே.

அதே அடையாற்றுக்கு 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதற்பள்ளியைத் திறந்தவர் அவர். பத்துக் கட்டைகளைப் பெரியது கீழும் சிறியது மேலுமாக அடுக்கும் அவருடைய கோபுரம் இன்று உலகெங்கும் உள்ளது. ஏழைக் குழந்தைகளிடையே பிறந்த அம்முறை, நம் நாட்டில் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லார்க்கே உரியதாகிப் போனது வருந்தத்தக்கது.

முற்றத்திற்கு வந்த பள்ளி

இக்குறையை நீக்க முனைந்தவர் மராட்டிய நாட்டுத் தாராபாய் மோடக் அம்மையார். 1945இல் போர்டி என்னும் கடற்கரைச் சிற்றூரில் அனுதாய் வாக் அம்மையாருடன் இணைந்து கிராமக் குழந்தைக் கல்விப் பணியைத் தொடங்கினார். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வர இயலாவிடின், பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்திற்குச் செல்லட்டும் என்று முடிவு செய்தார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல், சிப்பி, விதை, இலை ஆகியவற்றையே பாடப்பொருள்களாக்கினார். முற்றம் எனப் பொருள்படும் சொல்லிலிருந்தே அங்கன்வாடி என்னும் பெயர் பிறந்தது.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. 1982 ஜூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைப் பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைத்தார். அவ்வூர் இருப்பது திருச்சி மாவட்டத்தில். பெரம்பலூரும் அரியலூரும் அன்று அம்மாவட்டத்தின் பகுதிகளே. வயிற்றுக்கு உணவு கிடைத்தது. அது பெரும் பேறு. கைக்கும் கருத்துக்கும் உணவு தருவது இனி நம் கடமை.

அரும்பாவூர் காட்டும் வழி

நம் பகுதிக்கு மரம் புதிதன்று. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர், பச்சைமலையின் அடிவாரத்தில் மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். மா, வேம்பு முதலிய மரங்களில் ஒரே கட்டையைக் குடைந்து உருவம் சமைக்கும் அக்கலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செதுக்கும் இடத்தில் துண்டும் துணுக்கும் மிஞ்சுவது இயல்பு. தச்சுப் பட்டறை உள்ள எவ்வூரிலும் இவ்வாறே. அடுப்புக்குப் போகும் அத்துண்டுகளைக் கேட்டுப் பெறுவதில் இழிவொன்றும் இல்லை.

அளவுக்கு, அமெரிக்க ஆசிரியை கரோலின் பிராட் ஏறத்தாழ 1913இல் வகுத்த கட்டையைப் பின்பற்றலாம். நீளம் ஐந்தரை அங்குலம், அகலம் அதில் பாதி, கனம் அகலத்தில் பாதி. இதனை ஓர் அலகாகக் கொண்டு, அரை அலகு, இரட்டை அலகு, நான்கு அலகு எனச் செய்துகொள்ளலாம். விளிம்புகளை உப்புத்தாள் கொண்டு நன்கு தேய்த்தல் வேண்டும். சாயம் தேவையில்லை. வாயில் போட்டு விழுங்கத்தக்க சிறு துண்டுகளை மூன்று வயதுக்குட்பட்டோரிடம் தரலாகாது.

இனி, விளையாடும் வகைகள் சில:

இரண்டு வயதுக் குழந்தை கட்டையைச் சுமக்கும், வரிசையாக வைக்கும், அடுக்கும், தள்ளிவிடும். இதுவும் கல்வியே, கடிந்துகொள்ளாதீர்கள். கலைந்ததை மீண்டும் கட்டும்போது எண்ணிக்கை கற்றுத் தாருங்கள்.

மூன்று வயதில் இரு கட்டைகளின் மேல் மூன்றாவதை வைத்துப் பாலம் அமைக்கத் தெரியும். தரையில் சுண்ணக்கட்டியால் வெள்ளாற்றையும் கொள்ளிடத்தையும் வரைந்து, பாலம் கட்டச் சொல்லலாம். எந்தக் கட்டை எட்டும், எது எட்டாது என்று குழந்தையே கண்டுபிடிக்கட்டும்.

துணிப்பைக்குள் கட்டைகளை இட்டுக் கையால் தடவி வடிவத்தைக் கூறச் செய்யலாம். இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்பதை வைத்துப் பார்த்தே அறியச் செய்யலாம். பின்னாளில் பின்னக் கணக்கு அச்சுறுத்தாது.

ஐந்து வயதினர் கண்ட கட்டடங்களைக் கட்டுவர். இரஞ்சன்குடிக் கோட்டையையும் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தையும் அழைத்துச் சென்று காட்டி, திரும்பி வந்து கட்டச் சொல்லுங்கள். அக்கோயிலைக் கட்டுவித்த இராசேந்திரனின் பெயரை உலகம் அறியும். கல் சுமந்த கைகளின் பெயர்களை நாம் அறியோம். கட்டுதல் எத்துணைக் கடினம் என்பதை உணர்ந்த குழந்தை, அக்கைகளை மதிக்கவும் கற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகளை ஓர் ஊர் கட்டச் சொல்லுங்கள். கிணறு, பள்ளி, கடை, பேருந்து நிலையம், வீடுகள் என அனைத்தையும் அவர்களே அமைக்கட்டும். எது எங்கே இருத்தல் வேண்டும் என்று பெரியோர் சொல்லற்க. ஊர் வேறு, சேரி வேறு என்னும் கோடு அக்குழந்தைகளின் கையில் இல்லை. நாம் வரையாதவரை அவர்கள் வரையமாட்டார்கள். பொதுக் கிணறு நடுவில் இருக்கும். எல்லா வீட்டாரும் அதில் நீர் எடுப்பர்.

அன்பார்ந்த இளைஞர்களே! மாலைப் பாடவகுப்பு நடத்தும் உங்கள் தொண்டு சிறந்தது. அதனோடு, விடுமுறை நாளொன்றில் நான்கு பேர் கூடி, ஓர் இழைப்புளியும் ஓர் அரமும் கொண்டு நூறு கட்டைகளைச் செய்து, உங்கள் தெருவின் அங்கன்வாடியில் கொண்டு சேருங்கள். வாரம் ஒருமுறை அக்குழந்தைகளுடன் தரையில் அமர்ந்து விளையாடுங்கள். நம் முன்னோர் பிறருக்காகக் கட்டினர். நம் குழந்தைகள் தாமே எண்ணி, தமக்காகக் கட்டக் கற்கட்டும். அடுத்த கால் நூற்றாண்டின் பணி அங்கிருந்தே தொடங்குகிறது.