எழுத்தெண்ணிச் சொல் அடுக்கிய முன்னோர்

புனேயிலிருந்து லோணாவளாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் தளேகாவ் ஒரு நிலையம். பிழைப்பை நாடி இத்தகைய ஊர்களில் குடியேறிய தமிழர் இல்லங்களில், விடுமுறை நாட்களில் பிள்ளைகள் ஆங்கில எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கி விளையாடுவதைக் காண்கிறோம். அந்த ஆட்டத்தில் வெல்ல விரும்புவோர் பட்டியல்களை மனப்பாடம் செய்கின்றனர். இரண்டெழுத்துச் சொற்கள் ஒரு பட்டியல். மூன்றெழுத்துச் சொற்கள் மற்றொன்று. இன்ன எழுத்தில் தொடங்குவன, இன்ன எழுத்தில் முடிவன என்று வேறு சில. சொற்களை இவ்வாறு எண்ணியும் இனம் பிரித்தும் வைப்பது ஆங்கிலத்தோடு வந்த புதுக்கலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரிதானா என்று பார்ப்போம்.

ஆங்கிலச் சொல்லாட்டங்களின் வரலாறு நெடியதன்று. 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வெளியிட்ட புதிரே இன்றைய குறுக்கெழுத்துப் புதிரின் முன்னோடி. 1930-களில், வேலையிழந்திருந்த ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று பொறுமையாக எண்ணிப் பார்த்தார். அக்கணக்கைக் கொண்டு அவர் வகுத்த ஆட்டம் 1948-இல் ஸ்க்ராபிள் என்று பெயர் பெற்றது. அதன் ஆங்கிலப் பெட்டியில் வில்லைகள் 100. மிகுதியாக வழங்கும் 'ஈ' என்ற எழுத்துக்கு 12 வில்லைகள். அருகி வழங்கும் 'இசட்' எழுத்துக்கு ஒன்றே. பட்டியல்கள் இந்த ஆட்டத்தின் தேவையால் பிறந்தவை.

இனி நம் மொழிக்கு வருவோம். தொல்காப்பியர் சொற்களை எழுத்தளவால் மூன்றாகப் பகுத்தார்: ஓரெழுத்துச் சொல், ஈரெழுத்துச் சொல், இரண்டுக்கு மேற்பட்ட எழுத்துகளால் ஆகிய தொடர்மொழி. எவ்வெழுத்துகள் சொல்லின் முதலில் வரும், எவை இறுதியில் நிற்கும் என்பதையும் அவர் வரையறுத்தார். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டார். ஓரெழுத்தாலாகிய சொற்கள் 42 என்று தொகுத்தார். அவற்றுள் 40 நெடில், 'நொ', 'து' என்னும் இரண்டும் குறில். பகுக்க இயலாத சொல் 2 முதல் 7 எழுத்து வரையும், பகுக்கத்தக்க சொல் 2 முதல் 9 எழுத்து வரையும் நீளும் என்றார். 'உத்திரட்டாதி' ஏழெழுத்து; 'உத்திரட்டாதியான்' ஒன்பதெழுத்து. விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

நிகண்டு ஆசிரியர்கள் இதே நெறியில் மேலும் நடந்தனர். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில், பல பொருள் தரும் ஒரு சொற்களைக் கூறும் பதினோராம் தொகுதி எதுகை முறையில், அதாவது சொல்லின் இரண்டாம் எழுத்தைக் கொண்டு, அடுக்கப்பட்டுள்ளது. ஏடுகள் அரிதாயிருந்த காலத்தில் சொற்கள் நெஞ்சிலே தங்க வேண்டும்; செய்யுள் இயற்றுவோனுக்கு எதுகை உடனே கிடைக்க வேண்டும். அவ்வடுக்கு இவ்விரண்டுக்கும் உதவிற்று. 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்து, தம் நூலுக்கு அகராதி நிகண்டு என்றே பெயரிட்டார். 1732-இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. அவற்றுள் தொடையகராதி எதுகைக்கு உரிய சொற்களைத் திரட்டித் தருவது.

இலக்கணத்தோடு விளையாட்டும் இருந்தது. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் அக்கரச் சுதகம் ஒன்று. ஒரு சொல்லின் எழுத்துகளை நீக்க நீக்க வேறு வேறு சொற்கள் தோன்றுமாறு பாடுவது. எளிய சான்று ஒன்று காண்போம். 'நகரம்' என்பதில் முதலெழுத்தை நீக்கினால் 'கரம்'. மூன்றாம் எழுத்தை நீக்கினால் 'நகம்'. ஊர் கையாயிற்று, கை விரல்நுனியாயிற்று!

ஆயினும் ஆங்கில ஆட்டத்தை அப்படியே பெயர்த்து வைத்தல் இயலாது. அங்கே எழுத்துகள் 26, இங்கே 247. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தால் எழுதப்படும் நம் மொழியின் பெயர் தமிழில் மூன்றே எழுத்து. மராட்டிய அண்டை வீட்டார் 'பேண்ட்யா' என்னும் பாட்டு விளையாட்டை ஆடுவர். ஒருவர் முடித்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். அந்தாதி அறிந்த நமக்கு அது புதிதன்று. ஆனால் 'பகல்', 'அவள்', 'தமிழ்' என்று ஒருவர் முடித்தால் தமிழில் ஆட்டம் நின்றுவிடும். லகர, ளகர, ழகரங்களைத் தமிழ்ச் சொல் முதலில் ஏற்பதில்லை. அவ்வாறு நிற்கும் இடத்தில், ஈற்றயல் எழுத்தைக் கொள்ளலாம் என்று நாமே ஒரு விதி செய்துகொள்ளலாம். இலக்கணம் ஏன் முதலெழுத்தையும் இறுதி எழுத்தையும் வரையறுத்தது என்பதைப் பிள்ளை அப்போது ஆட்டத்திலேயே கற்கும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது பொழுதுபோக்கு மட்டும் அன்று. பேச்சு வீட்டிலே வளர்கிறது. எழுத்தோ பள்ளியில் பயில்வது. பள்ளியில் தமிழ் இல்லாத ஊரில் முதலில் நழுவுவது எழுத்துதான். தாயோடு சரளமாகத் தமிழ் பேசும் பிள்ளை பாட்டியின் கடிதத்தைப் படிக்க மாட்டாமல் திகைப்பது நம்முள் பலர் அறிந்ததே. அப்பிள்ளைக்கு நெடும்பாடம் வேண்டா. பவணந்தியார் தொகுத்த 42 சொற்களில் தொடங்கினால் போதும். ஈ, தீ, பூ, கை, பை, மை, நா, வா, போ: இவற்றை அது முன்பே அறியும், எழுத்து மட்டுமே புதிது. ஓரெழுத்தைக் கற்றவுடன் ஒரு சொல்லையே படித்துவிட்ட மகிழ்ச்சி அதற்குக் கிட்டும். நாளைக்கு ஈரெழுத்து, மறுவாரம் மூன்றெழுத்து என்று ஏறலாம். அட்டைத் துண்டுகளும் ஓர் எழுதுகோலும் இருந்தால் வில்லைகளை நாமே செய்துகொள்ளலாம். ஆங்கிலப் பலகைக்குப் பக்கத்திலேயே அவற்றுக்கும் இடம் உண்டு.