கண்டதைப் பகிர்தலும் கண்டவரைச் சொல்லுதலும்

தாம் கண்ட அரிய பொருளைப் பிறருக்கும் காட்ட வேண்டும் என்னும் ஆவல் மனித இயல்பு. காரைக்காலிலிருந்து திருநள்ளாறு வழியே பேரளம் செல்லும் சாலையில், பத்ரகாளி கோயிலால் பெயர்பெற்ற அம்பகரத்தூர் உள்ளது. வயல் சூழ்ந்த இச்சிற்றூரின் இளைஞர் ஒருவர், தம் கைப்பேசியில் கண்ட நல்லதோர் இணையதளத்தை நண்பர் நூற்றுவருக்கு நொடியில் அனுப்பிவிடுகிறார். அதனோடு தம் பொழுதுபோக்கு ஒன்றையும், உலக நடப்பைப் பற்றிய தம் கருத்து ஒன்றையும் சேர்த்தே அனுப்புகிறார். இது புதிய பழக்கம் என்று நாம் எண்ணுகிறோம். கருவிதான் புதிது. பழக்கமோ நம் கடற்கரைக்கு முந்நூறு ஆண்டுப் பழமையுடையது. அதன் வரலாற்றில் நமக்குப் பெருமை தருவதும் உண்டு, வெட்கம் தருவதும் உண்டு. இரண்டையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலோரமாக வடக்கே சென்றால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை அது டேனியர் வசம் இருந்தது. அங்கே பணியாற்றிய லூத்தரன் குரு சீகன்பால்கு தமிழரிடம் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் எழுதிய மறுமொழிகள், ஜெர்மனியின் ஹாலே நகரில் 1714 முதல் அச்சேறின. மொத்தம் 99 கடிதங்கள். மழை, மருத்துவம், திருமணம், தெய்வம் என யாவும் அவற்றில் பேசப்பட்டன.

நம் கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதற்கு இணையான முயற்சி நடைபெற்றது. சேசு சபைக் குருக்கள் உலகின் பல முனைகளிலிருந்து எழுதிய கடிதங்கள், 1702 முதல் 1776 வரை பாரிஸ் நகரில் 34 தொகுதிகளாக வெளிவந்தன. 'பக்தி வளர்ப்பனவும் வியப்பூட்டுவனவுமான கடிதங்கள்' என்பது அத்தொகுதிகளின் பெயர். மறைப்பணிச் செய்தியோடு செடிகொடி, கைத்தொழில், வானியல், மொழி ஆகியவையும், எழுதியவரின் சொந்த அபிப்பிராயமும் அவற்றில் கலந்திருந்தன. திருச்சபையை எள்ளி நகையாடிய வோல்தேர்கூட அவற்றை விரும்பிப் படித்தார்.

இக்கடிதங்களை எழுதியவர்களுள் நம் கருத்திற்குரியவர் கேர்தூ அடிகளார். 1691இல் பிரான்சில் பிறந்து, 1732இல் இந்தியா வந்து, 1779இல் புதுச்சேரியில் உயிர்நீத்தவர். 1742இல் அவர் எழுதிய கடிதம் ஒன்று சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளைப் பற்றியது. பிரான்சு தன் நெசவாளரைக் காக்க வேண்டி, 1686 முதல் 1759 வரை இத்துணிகளைத் தடை செய்திருந்தது. தடை செய்தும் ஆவல் தணியவில்லை. அந்நிலையில் சாயமேற்றும் முறையை அவர் படிப்படியாக விளக்கினார். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கும். படிக்காரத்தால் வரைந்த இடத்தில் மட்டும் சாயவேரின் சிவப்புப் பற்றும். நீலம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடிவிடுவார்கள்.

இதையெல்லாம் அவர் எவ்வாறு அறிந்தார்? தம்மிடம் திருமுழுக்குப் பெற்ற சாயத் தொழிலாளர் சிலரைத் தனித்தனியே பலமுறை விசாரித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டு எழுதியதாக அவரே கூறுகிறார். எங்கிருந்து பெற்றேன் என்று சொன்னது அவருடைய நேர்மை. ஆயினும் அத்தொழிலாளர்கள் யார் என்பது நமக்குப் பெயராக வந்து சேரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்த தொழில் நுட்பம் கடல் கடந்து சென்றது. காத்தவர் பெயர் கரையிலேயே நின்றுவிட்டது.

அடிகளாரின் ஆர்வம் துணியோடு நிற்கவில்லை. 1767இல் பாரிஸ் கல்விக் கழகத்திற்கு எழுதியபோது, சமஸ்கிருதத்திற்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்திற்கும் பொதுவான சொற்களைப் பட்டியலிட்டு, இவ்வொற்றுமைக்குக் காரணம் யாது என்று வினவினார். 'தானம்' என்பதற்கு லத்தீனில் 'தோனும்'; 'விதவா' என்பதற்கு 'விதுவா'. வில்லியம் ஜோன்ஸ் 1786இல் இவ்வுறவைப் பற்றிப் பேசிப் புகழ்பெற்றார். அவருக்கு 19 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்ட கேர்தூவின் கடிதமோ 1808இல்தான் அச்சேறியது. அவர் தந்த விளக்கம், நோவாவின் மகன் எப்பேத்தின் வழிமரபினர் பாபேல் சிதறலின்போது எடுத்துச் சென்ற பழஞ்சொற்கள் இவை என்பதாகும். அவ்விளக்கத்தை இன்று மொழியியலார் ஏற்பதில்லை. பட்டியலோ நிலைத்து நிற்கிறது. பகிர்பவருடைய கருத்து காலத்தோடு உதிர்ந்துவிடலாம். அவர் நேர்மையாகக் கண்டெடுத்தது உதிர்வதில்லை.

இனி வெட்கத்திற்குரிய பகுதிக்கு வருவோம். 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது. முதுமையுற்ற கேர்தூ இந்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிவைத்தவற்றைப் பிரெஞ்சுப் படையதிகாரி தெவோ என்பவர் 1777இல் தொகுத்தார். அது அச்சேறவில்லை. பின்னர், 1792இல் நம் நாட்டிற்கு வந்த, பாரிஸ் அந்நிய நாட்டு வேதபோதக சபையின் துபுவா அடிகளார் இந்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனி அதன் கையெழுத்துப்படியை 2,000 வராகனுக்கு வாங்கியது. 1816இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூல், மக்களோடு மக்களாய் வாழ்ந்து தாமே கண்டறிந்து எழுதியவர் என்னும் புகழை அவருக்குத் தேடித் தந்தது. லண்டனில் பாதுகாக்கப்பட்டிருந்த தெவோவின் படியை ஆராய்ந்த சில்வியா மூர், துபுவாவின் நூலுக்கு அடிப்படையாய் அமைந்தது கேர்தூவின் எழுத்தே என்பதை 1987இல் நிறுவினார். ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஒருவர் உழைப்பு மற்றொருவர் பெயரில் உலவிற்று.

துபுவாவை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. மைசூர் நாட்டில் அம்மை குத்தும் பணியைப் பரப்பிப் பல்லாயிரவர் உயிரைக் காத்தவர் அவர். நற்செயல் புரிந்த கையே மூலத்தின் பெயரையும் மறைத்தது என்பதுதான் நம்மைச் சிந்திக்கச் செய்கிறது. சாயத் தொழிலாளர் பெயர் கேர்தூவின் கடிதத்தில் மறைந்தது; கேர்தூவின் பெயர் துபுவாவின் நூலில் மறைந்தது. தீய எண்ணம் இல்லாமலே இத்தகைய மறதி நேரக்கூடும். ஆனால் அதன் விளைவு ஒன்றே.

நம் காலத்தில் இதற்கு மாறான நல்லதோர் எடுத்துக்காட்டையும் காண்கிறோம். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்த கல்யாணசுந்தரம் அவர்கள், ஓய்வு நேர ஆர்வமாகக் கணினிக்குத் தமிழ் எழுத்துரு அமைத்தார். இணையத்தில் தமிழ் சார்ந்த தளங்களைத் தேடித் தொகுத்து யாவரும் காணும்படி வைத்தார். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று அவரும் நண்பர்களும் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கி வருகிறது. அங்கே நூலின் முகப்பிலேயே தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் ஆகியோரின் பெயர்கள் நன்றியுடன் குறிக்கப்படுகின்றன. 2003ஐ ஒட்டித் தமிழில் வலைப்பூக்கள் மலர்ந்தன. சமையல், பயணம், திரைப்படம், அரசியல் என அவரவர் விருப்பத்தை எழுதியவர்கள், தாம் விரும்பிப் படிக்கும் பிறர் பக்கங்களையும் ஓரத்தில் பட்டியலிட்டனர். அவற்றைத் திரட்டிக் காட்டும் 'தமிழ்மணம்' 2004இல் காசி ஆறுமுகம் அவர்களால் தொடங்கப்பட்டது. பிறரைச் சுட்டிக்காட்டுவதால் தம் பெருமை குறையும் என்று அவர்கள் கருதவில்லை.

இம்மரபு நமக்கு அந்நியமானதன்று. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரம் ஏறக்குறைய முழுவதும் பெயர்களே. பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்த்தியுவும் அங்கே தம் பெயரைச் சொல்லி வாழ்த்துக் கூறுகிறார். எழுத்தர் ஒருவரின் பெயரைக் காப்பதற்கும் இறைவார்த்தையில் இடமிருந்தது. புனித லூக்காவும், கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்தவற்றைக் கருத்தாய் ஆராய்ந்தே எழுதுவதாகத் தம் நற்செய்தியின் முன்னுரையில் அறிவிக்கிறார். பெற்றுக்கொண்டதையே கையளிக்கிறோம் என்பது நம் விசுவாசத்தின் அடித்தளம். யாரிடமிருந்து பெற்றோம் என்பதை மறைத்துக் கையளித்தால், அது ஏழாம் கட்டளைக்கும் எட்டாம் கட்டளைக்கும் ஒருசேர மாறானது.

இன்று புலனக் குழுக்களில் வலம்வரும் செய்திகளை நோக்குவோம். எழுதியவர் பெயர் நீங்கிய கவிதை, சொல்லாத மாமனிதர் பெயரில் பொன்மொழி, எந்த மருத்துவர் சொன்னார் என்று தெரியாத மருந்து. அனுப்புவோர் பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவர்களே. அந்நல்லெண்ணத்தோடு ஒரு வரி உழைப்பையும் சேர்ப்போமாக. இதை எங்கே கண்டேன், யார் உழைத்தது, எதுவரை அவர் கூற்று, எங்கிருந்து என் கருத்து என்பதே அவ்வரி. நம் பங்குகளின் வெள்ளிவிழா மலர்களுக்கும் இது பொருந்தும். பழைய பாடலைப் பாடிக் கொடுத்த பாட்டியின் பெயரும், கல்வெட்டைப் படியெடுத்த உபதேசியாரின் பெயரும் அம்மலர்களில் இடம்பெறட்டும். கேர்தூவிடம் தம் தொழிலின் நுட்பத்தைத் திறந்துரைத்த அத்தொழிலாளர்களுக்கு நாம் இனிப் பெயர் கொடுக்க இயலாது. இன்று நமக்குக் கற்றுத் தருபவர்களுக்கு இயலும்.