பிறர் பாட்டுக்கு மூச்சளித்தவர்

இசைத்தட்டின் உறையில் பாடகரின் பெயரே பெரிதாக விளங்கும். பாட்டின் இடையே சில நொடிகள் ஒலித்து நெஞ்சை உருக்கும் கருவியை இசைத்தவர் யாரென்று வினவுவோர் சிலரே. ஊதியம் பெற்று ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்துச் செல்லும் இத்தகைய கலைஞர்களுள் தலைசிறந்தவர் சாக்சபோன் இசைஞர் மைக்கேல் பிரக்கர்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1949ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், பியானோவும் வாசிப்பார். தமையனார் ராண்டி டிரம்பெட் கலைஞர். கிளாரினெட்டில் பயிற்சியைத் தொடங்கிய பிரக்கரை, ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் இசை ஆட்கொண்டது.

நம் மரபின் மனோதர்மத்தைப் போன்றே, ஜாஸ் இசையிலும் கலைஞர் தம் கற்பனையை விரும்பியவாறு விரித்துச் செல்வார். ஒலிப்பதிவுக் கூடத்திலோ அவருக்குக் கிடைப்பது ஒரு சில தாளவட்டங்களே. அச்சிறு இடைவெளிக்குள், தம் புலமையைக் காட்டாது பாட்டின் உணர்வையே பேச வேண்டும். இவ்வருங்கலை பிரக்கருக்குக் கைவந்தது. 1972இல் ஜேம்ஸ் டெய்லரின் பாட்டிலும், 1975இல் பால் சைமனின் பாட்டிலும் அவர் வாசித்த பகுதிகள் இன்றும் போற்றப்படுகின்றன. நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகளில் அவர் மூச்சு கலந்துள்ளது.

1975 முதல் தமையனாருடன் இணைந்து குழு நடத்திய போதிலும், தம் பெயரை மட்டும் தாங்கிய முதல் இசைத்தட்டை அவர் வெளியிட்டது 1987இல்தான். அப்போது அவர் நாற்பதை நெருங்கியிருந்தார். பின்னர், 2001இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டில், ஜேம்ஸ் டெய்லரே வந்து அந்தப் பழைய பாட்டை மீண்டும் பாடினார். அன்று பாடகருக்குத் துணைநின்றவர் சாக்சபோன் கலைஞர். இன்றோ பாடகர் அவருக்குத் துணைநின்றார்!

2005இல் கொடிய குருதி நோய் அவரைப் பற்றியது. பொருந்தும் எலும்பு மச்சை வேண்டி அவர் குடும்பத்தார் விடுத்த அழைப்பை ஏற்றுப் பலர் கொடையாளராகப் பதிந்தனர். அவருக்கு முழுதும் பொருந்துவது கிட்டவில்லை; எனினும் அப்பதிவுகள் பிற நோயாளர்க்கும் நம்பிக்கை அளிப்பனவாயின. 2006 ஆகஸ்டில், தளர்ந்த உடலோடு தம் இறுதி இசைத்தட்டைப் பதிவுசெய்தார். 2007 ஜனவரி 13ஆம் நாள் மறைந்தார். மறைவுக்குப் பின் வெளிவந்த அப்படைப்பு 2008இல் இரு கிராமி விருதுகளை வென்றது. அவற்றோடு அவர் பெற்ற கிராமி விருதுகள் 15 ஆயின.

துணைநிற்பது தாழ்வன்று, அதற்கும் தவம் வேண்டும். இனி ஒரு பாட்டைக் கேட்டு மகிழும்போது, உறையின் பின்புறத்தில் சிற்றெழுத்தில் உள்ள பெயர்களையும் நாம் படித்தறிவோமாக!